ஊரில் இல்லாதவர்களின் அளவு

தையல்காரர் வீட்டு முன்னறைக் கொக்கியில் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மாட்டி வைக்கும் உடுப்பு, விடிவதற்குள் ஊரில் இல்லாதவரின் உடம்புக்குத் தகுந்தபடி தானாகவே கூடியோ குறைந்தோ இருக்கும். நான்கு தலைமுறையாக அப்படித்தான். முதலில் நடந்தது கொள்ளுத்தாத்தா காலத்தில். அவருடைய தம்பி கப்பலில் கரி அள்ளும் வேலைக்குப் போய்விட்டார். வீட்டில் எல்லாருக்கும் ஒரே துணியில் புது உடுப்பு தைக்கும்போது அவருடைய கொக்கி மட்டும் காலியாக இருக்கக்கூடாது என்று, பழைய அளவிலேயே ஒரு சட்டை தைத்து மாட்டினார்கள். காலையில் பார்த்தால் சட்டையின் மார்பு மூன்று இஞ்ச் அகன்றிருந்தது. அடுத்த வருடம் விடுப்பில் வந்தவரை நிறுத்தி டேப் போட்டபோது மார்பு சரியாக அந்த மூன்று இஞ்ச் கூடியிருந்தது. அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிட்டது. வீட்டுக்காரர்களுக்கு இருந்த ஒரே குறை தையலைப் பற்றித்தான். கொள்ளுத்தாத்தாவின் கையில் ஒரு இஞ்சுக்குப் பன்னிரண்டு தையல் விழும், அந்தச் சட்டையில் ஒன்பதுதான் விழுந்திருந்தது. செய்தது யாராக இருந்தாலும் அவசரக்காரர் என்று சொல்லிக்கொண்டார்கள். விஷயம் கேள்விப்பட்டு வந்த பாதிரியார், இதற்கு சர்ச்சில் தடையும் இல்லை, விதியும் இல்லை என்று சொல்லிவிட்டு, தன் அங்கியையும் ஒரு தடவை மாட்டிப் பார்க்கலாமா என்று கேட்டார். மாட்டினார்கள். அது மாறவில்லை. அவர் குடியிருந்தது மூன்று தெரு தள்ளி. சொந்தக்காரர் இல்லையே, அதனால்தான் என்று காரணம் சொன்னார்கள்.

கரி அள்ளுகிறவரின் சட்டை பதினோராவது வருடம் காலையில் பிரிந்து கிடந்தது. முன்பக்கம், பின்பக்கம், இரண்டு கைகள், காலர் எல்லாம் தனித்தனியாக மடித்திருக்க, நூல் முழுவதும் ஒரு பொத்தானைச் சுற்றிச் சுருட்டியிருந்தது. பிப்ரவரியில் கப்பல் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தபோது யாரும் அதன் உறையைப் பிரித்துப் படிக்கவில்லை. உடுப்பு மாறினால் ஆள் நலம், பிரிந்தால் ஆள் இல்லை என்பது அதற்கப்புறம் அந்த வீட்டுக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்துவிட்டது.

ஊரில் இருப்பவர்களுக்கு வேறு முறை. டிசம்பர் முதல் ஞாயிறு, ஆராதனை முடிந்து வந்ததும் எல்லாரும் வயது வரிசைப்படி முக்காலியில் ஏறி நிற்க வேண்டும். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் என்று பெரியவர் சின்னவருக்கு அளவெடுப்பார். கடைசியில் இளையவர் மூத்தவருக்கு எடுப்பார். யாரும் தன் அளவைத் தானே எடுக்கக் கூடாது, ஏனென்றால் தன் இடுப்பில் போடும்போது டேப் மனசுக்குப் பிடித்தபடி நெகிழ்ந்துகொடுக்கும். எடுத்த அளவைச் சத்தமாகச் சொல்ல வேண்டும், இன்னொருவர் நோட்டில் எழுத வேண்டும். இந்த முறைதான் நான்காம் தலைமுறையில் இரண்டு சகோதரிகளைப் பிரித்தது.

அப்பா தையல்காரர். அம்மா சீக்கிரமே இறந்துவிட்டாள். பெரியவள் பொத்தானுக்குக் காஜா எடுத்துக்கொண்டே சின்னவளுக்குத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பியவள். பெரியவள் கல்யாணம் செய்துகொண்ட எலக்ட்ரீஷியன், ஊரில் எல்லாரும் ஃபியூஸ் என்று கூப்பிடும் மனுஷன், மாமனார் வீட்டு மாடியிலேயே குடியிருந்தான். கல்யாணமாகி நான்காம் வருடம் பெரியவள் தன் வயிற்றில் இருப்பதை யாரிடமும் சொல்லாமல் மூன்று மாதம் வைத்திருந்தாள். கணவனிடம்கூடச் சொல்லவில்லை. கிறிஸ்துமஸ் அன்று, எல்லாரும் ஒரே துணியில் உடுத்தி மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும்போது சொல்ல வேண்டும் என்று, எந்த வார்த்தையில் சொல்வது என்பதுவரை யோசித்து வைத்திருந்தாள். அளவெடுக்கும் ஞாயிறு வந்தது. முக்காலியில் ஏறி நின்றாள். சின்னவள் இடுப்பைச் சுற்றி டேப்பைப் போட்டாள், நோட்டைப் பார்த்தாள், மறுபடி டேப்பைப் பார்த்தாள். அவளுக்கு அப்போது இருபத்திரண்டு வயது, நெஞ்சில் எதையும் நிறுத்தி வைக்கத் தெரியாத வயது. "முப்பது! போன வருஷத்தைவிட ரெண்டு இஞ்ச் கூட. அக்கா, எனக்குத் தெரிஞ்சு போச்சு," என்று வீடு அதிரக் கத்திவிட்டாள். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஃபியூஸ் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். எல்லாரும் சிரித்தார்கள், பெரியவளும் சிரித்தாள். ஆனால் வைத்திருந்த வார்த்தைகள் வாயிலேயே தங்கிப்போயின.

கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் இருக்கும்போது அந்தக் குழந்தை தங்காமல் கலைந்துபோனது. பண்டிகையன்று காலையில், முப்பது இஞ்சுக்குத் தைத்த கவுனை மடியில் வைத்துக்கொண்டு பெரியவள் சொன்னது இரண்டே வாக்கியம். "உன் வாய் பட்டுத்தான் போச்சு. இனிமே உன் டேப் என் உடம்புல படக் கூடாது." சின்னவள் மத்தியானம் டேப்பைச் சுருட்டித் தையல் மிஷின்மேல் வைத்துவிட்டு, கைப்பையோடு பஸ் ஏறிப் போய்விட்டாள். எந்த ஊரில் இருக்கிறாள் என்று எழுதாமல் அப்பாவுக்கு இரண்டு கடிதம் வந்தது, அப்புறம் அதுவும் இல்லை.

இருபத்திரண்டு வருடம் ஆயிற்று. பெரியவளுக்கு ஒரு மகள் பிறந்து பதினேழு வயதாயிற்று. அப்பா ஆறு வருடத்துக்கு முன் நூல் கோத்துக்கொண்டிருக்கும்போதே ஊசியை மார்புப் பட்டியில் குத்திவிட்டுச் சாய்ந்து, கண்ணை மூடிவிட்டார். கடை பெரியவளுடையதாயிற்று. இத்தனைக்கும் நடுவே ஒரு டிசம்பரில்கூட அவள் முக்காலியில் ஏறவில்லை. வீட்டிலேயே இளையவள் என்ற முறையில் மகள் டேப்போடு வந்து நின்றால், என் அளவு நோட்டிலேயே இருக்கிறது என்று அனுப்பிவிடுவாள். வருடா வருடம் தன் பெயருக்கு நேரே முப்பது என்று தானே எழுதிக்கொள்வாள். அந்த இரண்டு இஞ்சைத் தவிர அந்தக் குழந்தை வைத்துவிட்டுப் போனது வேறொன்றும் இல்லை. முதல் வருடங்களில் முப்பது இஞ்ச் கவுன் அவள்மேல் தொளதொளவென்று தொங்கியது. பிறகு சரியாக இருந்தது. இப்போது பத்து வருடமாக ஆராதனை முடியும்வரை அரை மூச்சுதான் விட முடியும், பாட்டுப் பாட நெஞ்சு விரியாது, அதனால் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வாயை மட்டும் அசைப்பாள். "வருஷத்துல ஒரு நாள்தான் உங்கம்மா மூச்சுக் காட்டாம இருக்கா, அதையும் ஏன் கெடுக்கறே" என்று ஃபியூஸ் மகளிடம் சொல்வான்.

சின்னவளுக்கு மட்டும் ஒரு வருடமும் தவறவில்லை. கோபம் ஆறாத முதல் வருடத்திலேயே, அவளுடைய கொக்கி காலியாக இருந்தால் பார்க்க நன்றாக இருக்காது என்று முணுமுணுத்துக்கொண்டே பெரியவள் துணியை வெட்டிவிட்டாள். காலையில் கவுன் தோளில் அரை இஞ்ச் சுருங்கியிருந்தது. சரியாகச் சாப்பிடுவதில்லை போலிருக்கிறது என்று அப்பா சொன்னார். அன்றிலிருந்து ஒவ்வொரு கிறிஸ்துமஸ் காலையும் பெரியவள் செய்யும் முதல் வேலை, மாறிய கவுனை மேஜையில் விரித்து டேப் போட்டு, சின்னவள் என்ற தலைப்பின் கீழ் ஒரு வரி எழுதுவது. கடிதம் வராத வீட்டில் அந்த வரிகள்தான் கடிதம். நான்காம் வருடம் வலது தோள் இடதைவிட அரை இஞ்ச் இறங்கியது. பாரம் தூக்கும் வேலையா, ஒரே பக்கம் சாய்ந்து உட்காரும் வேலையா என்று இரண்டு நாள் பேசினார்கள். பன்னிரண்டாம் வருடம் இடது கைமுட்டு அகன்றிருந்தது, கட்டுப் போட்டிருக்கிறாள் என்று ஃபியூஸ் உடனே கண்டுபிடித்தான். பதினைந்தாம் வருடம் கவுன் எல்லாப் பக்கமும் சுருங்கிவிட்டது, அடுத்த டிசம்பர்வரை பெரியவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஆனால் அவள் அடிக்கடி புரட்டிப் பார்த்தது ஏழாவது வரியைத்தான். அந்த வருடம் இடுப்பு மட்டும் இரண்டு இஞ்ச் கூடியிருந்தது. வேறு எங்கும் ஒரு நூல்கூட மாறவில்லை. எட்டாம் வருடத்துக்காகப் பன்னிரண்டு மாதம் காத்திருந்தாள். தன் மகளுக்குப் பால் கொடுத்த காலத்தில் கவுனுக்கு முன்பக்கம் பொத்தான் வைத்துத் தைத்தவள் அவள், அதனால் என்ன தேட வேண்டும் என்று தெரியும். எட்டாம் வருடம் கவுன் பழையபடி இருந்தது. இடுப்பு இறங்கியிருந்தது, முன்பக்கம் மூடியே இருந்தது, ஒரு பொத்தானும் இல்லை. அன்று அவள் நோட்டை மூடிவிட்டு, அந்தக் காலையில் தான் சொன்ன இரண்டு வாக்கியமும் எத்தனை ஊர் தாண்டிப் போய் யார்மேல் விழுந்ததோ என்று நினைத்தாள். பதினாலு வருடமாக அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். தங்கை வர வேண்டும் என்பதைவிட அந்த ஒரு விஷயத்தை அவளிடம் கேட்க வேண்டும் என்ற தவிப்பு பெரிதாக இருந்தது. கேட்க முகவரி இல்லை, இடுப்பளவு மட்டும் இருந்தது.

ஊரில் இல்லாதவள் என்றால் அது சின்னவள்தான் என்று அந்த வீட்டில் எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். சின்னவள் இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் இல்லாதவள் பெரியவள்தான் என்பது யாருக்கும் தோன்றவில்லை.

இந்த வருடத் துணி இளம் பச்சையில் வெள்ளைக் கோடு. வழக்கம்போலப் போன வருட வரியைப் பார்த்து வெட்டி, தைத்து, கொக்கியில் மாட்டினார்கள். காலையில் பெரியவள் டேப்போடு வந்து பார்த்தபோது கவுன் மாறவில்லை. தோள், மார்பு, இடுப்பு, கை, உயரம் எல்லாம் அவள் தைத்து மாட்டியது மாட்டியபடி. தையலை எண்ணினாள். இஞ்சுக்குப் பன்னிரண்டு, அவள் கைத்தையல்தான். நான்கு தலைமுறையில் இப்படி நடந்ததில்லை. பிரிந்து கிடந்தால்கூட என்னவென்று தெரிந்திருக்கும். ஒரு வருடத்தில் ஒரு நூல் கூடாமல் குறையாமல் இருக்க மனுஷ உடம்பால் முடியுமா என்று மகளிடம் கேட்டாள். மகள் கவுனைத் தொட்டுப் பார்த்துவிட்டு, சித்தி டயட்டில் இருப்பாள் என்றாள். பெரியவள் சிரிக்கவில்லை. இத்தனை வருடம் நடந்துவந்த ஏதோ ஒன்று அலுத்துப்போய் நின்றுவிட்டது, இனிமேல் தங்கை இருக்கிறாளா இல்லையா என்பதுகூடத் தெரியாது என்று அவளுக்குப் பட்டது. அவளுக்கென்று இருந்த ஒரே கடிதப் போக்குவரத்து முடிந்துபோனது.

சர்ச்சில் மூன்றாவது பெஞ்சில் மூன்று பேரும் இளம்பச்சையில் உட்கார்ந்தார்கள். பெரியவளின் கண் ஓரம் ஈரமாவதைப் பார்த்த ஃபியூஸ், பாதிரியார் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டே குனிந்து, அவளைச் சிரிக்க வைக்கிற நினைப்பில் சொன்னான். "எதுக்கு இப்படி இடிஞ்சு போயிட்டே? என் சட்டையும்தான் தைச்சபடியே இருக்கு. நான் என்ன செத்தா போயிட்டேன்? உன் பக்கத்துலதானே உக்காந்திருக்கேன்."

பெரியவள் அவன் சட்டையைப் பார்த்தாள். மகளுடைய கவுனைப் பார்த்தாள். முதல் ஞாயிறு டேப் போட்டு எடுத்த அளவுகள், ஒன்றும் மாறவில்லை, என்றைக்கும் மாறியதில்லை. டேப்புக்கு எட்டுகிற இடத்தில் இருப்பவர்களை அந்த அவசரக்காரர் ஒரு நாளும் தொட்டதில்லை. மூன்று தெரு தள்ளியிருந்த பாதிரியாரின் அங்கி ஞாபகம் வந்தது. அவள் எழுந்து நின்று, பத்து வருடத்தில் முதல் தடவையாக நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தாள். கவுனின் இடது பக்கத் தையல் அக்குளிலிருந்து இடுப்புவரை சர்ரென்று விட்டுப்போனது, பின் பெஞ்சில் இருந்தவர்கள் பாட்டை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள். அவள் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "ஏங்க, அவ ஊருக்குள்ள இருக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தாள்.

பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த, ஊரின் ஒரே விடுதியில் மேஜையில் சாய்ந்திருந்தவனிடம், வெளியூரிலிருந்து ஒரு பெண் வந்து தங்கியிருக்கிறாளா என்று கேட்டாள். ஆள் எப்படி இருப்பாங்க என்றான் அவன். முகத்தைச் சொல்ல அவளுக்குத் தெரியவில்லை, அவள் கடைசியாகப் பார்த்தது இருபத்திரண்டு வயது முகம். "தோள் பதினாலரை, இடுப்பு முப்பத்தி ரெண்டு. வலது தோள் அரை இஞ்ச் இறங்கியிருக்கும்," என்றாள். அவன் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அளவு தெரியாது, பச்சைப் பெட்டியோடு நேற்று வந்த ஒரு அம்மா அரைமணிக்கு முன்னால்தான் அறையைக் காலிசெய்துவிட்டுப் போனார்கள் என்றான். பண்டிகை நாளில் பகல் முழுவதற்கும் இரண்டே பஸ், அதில் முதலாவது பதினொன்றுக்கு.

நிலையத்தில் பத்துப் பதினைந்து பேர் முதுகைக் காட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். கண்டக்டர் ஏறச் சொல்லிக்கொண்டிருந்தான். பெரியவள் முகங்களைப் பார்க்கவே இல்லை, தோள்களைப் பார்த்துக்கொண்டு போனாள். ஏழாவதாக நின்ற முதுகில் வலது தோள் அரை இஞ்ச் இறங்கியிருந்தது. இருபத்திரண்டு டிசம்பர்களாக அவள் கையால் தைத்த முதுகு. ஓடிவந்த மூச்சில் பெயர் சொல்லிக் கூப்பிடக் குரல் வரவில்லை, பின்னாலிருந்து அந்தத் தோளில் கையை வைத்தாள். திரும்பாமலே சின்னவள் சொன்னாள்.

"மாறலையேக்கா. நேத்து ராத்திரி விடுதியில மாட்டினேன், காலையில பாத்தா மாறவே இல்ல. வராதேன்னு நீ சொல்றதா நினைச்சுட்டேன்."

பிறகுதான் திரும்பினாள். பச்சைப் பெட்டியைத் தரையில் வைத்துத் திறந்து காட்டினாள். உள்ளே ஒரு மஞ்சள் கவுன், பெரியவளுக்கென்று தைத்தது. வீட்டில் இது மாதிரி இருபத்தொன்று அலமாரியில் தொங்குகிறது என்றாள். போன முதல் வருடமே, அக்காமேல் கோபம் இருந்தாலும் கொக்கி காலியாக இருக்கக் கூடாதே என்று ஒன்று தைத்து மாட்டியதாகவும், அது காலையில் இரண்டு இஞ்ச் சுருங்கியிருந்ததைப் பார்த்து அன்றைக்கு முழுவதும் அழுததாகவும் சொன்னாள். அதற்குப் பிறகு அக்கா கொஞ்சம் கொஞ்சமாகச் சதைபோட்டதெல்லாம் அவளுக்குத் தெரியும். முன்பக்கம் பொத்தான் வந்த வருடம் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கேக் கொடுத்தாளாம். "அப்பாவுக்கு மாட்டின சட்டை ஆறு வருஷத்துக்கு முன்னாடி பிரிஞ்சு கிடந்துச்சு," என்றாள். "நூலைப் பொத்தான்ல சுத்தி வச்சிருந்துச்சு. இன்னும் வச்சிருக்கேன்."

பஸ் ஹாரன் அடித்தது. "ஏழாவது வருஷம்," என்றாள் பெரியவள், "உனக்கு இடுப்பு ரெண்டு இஞ்ச்... அடுத்த வருஷம் பொத்தானே வரலியேடி. என் வாய் உன்னைப் பிடிச்சிருச்சா?"

சின்னவள் வரிசைக்கு வெளியே எட்டிப் பார்த்து, பிஸ்கட் கடையில் நின்ற பதினாலு வயதுப் பெண் ஒருத்தியைக் கைகாட்டி அழைத்தாள். "பொத்தான் எப்படி வரும், மகாராணி பிறந்த நாள்லேருந்து புட்டிப்பால்தான் குடிப்பேன்னு அடம்," என்றாள். "இவளாலதான் வந்தேன். அலமாரி பூரா தொங்குதே, யாரு இந்தக் குண்டு ஆன்ட்டி, நேர்ல பாக்கணும்னு ஒரு வருஷமா உயிரை வாங்கிட்டா." அந்தப் பெண் பெரியவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மரியாதையாக, "அவ்வளவு குண்டு இல்ல பெரியம்மா," என்றாள். பெரியவள் கிழிந்த கவுனோடு பஸ் நிலையத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். பதினொரு மணி பஸ் இரண்டு இருக்கை காலியாகப் போயிற்று.

சர்ச் விட்டு வந்த ஃபியூஸும் மகளும் முன்னறையில் முக்காலி நடுவில் இருப்பதைப் பார்த்தார்கள். டிசம்பர் முதல் ஞாயிறு என்பதை விட்டு வேறொரு நாளில் அது நடுவில் வந்தது அன்றுதான். முறைப்படி இனி வீட்டிலேயே இளையவள் பிஸ்கட் கடைப் பெண்தான், அவள் டேப்புக்குக் கையை நீட்டவும் செய்தாள். உனக்கு அடுத்த வருஷம், இன்னைக்கு பாக்கி வேற ஒருத்தருது என்று பெரியவள் சொல்லிவிட்டு ஏறி நின்றாள். சின்னவள் இடுப்பைச் சுற்றி டேப்பைப் போட்டாள். எண்ணைப் பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை. டேப்பைப் பிடித்தபடியே நின்றாள், கட்டைவிரல் வெளுத்துப்போகிற அளவுக்கு. நோட்டோடு உட்கார்ந்திருந்த மகள் நிமிர்ந்து பார்த்தாள்.

"சத்தமாச் சொல்லு," என்றாள் பெரியவள்.

"நீயே பாத்துக்கோக்கா."

"நீதான் சொல்லணும். தெருவுக்கே கேக்கற மாதிரி கத்துவியே, அப்படிச் சொல்லு."

சின்னவள் மூச்சை இழுத்தாள். "முப்பத்தி மூணரை," என்றாள். "போன வருஷத்தைவிட அரை இஞ்ச் கூட."

மகள் எழுதினாள். ஒரே எண்ணாகக் கீழே இறங்கிவந்த இருபத்து மூன்று முப்பதுகளுக்குக் கீழே முப்பத்து மூன்றரை வந்து உட்கார்ந்தது. அப்புறம் சின்னவள் ஏறி நின்றாள், பெரியவள் எடுத்தாள், இடுப்பு கால் இஞ்ச் குறைந்திருந்தது. மத்தியானத்துக்குள் மஞ்சள் கவுனை அரை இஞ்ச் விட்டும், பச்சைக் கவுனைக் கால் இஞ்ச் பிடித்தும், ஆளுக்கொரு மிஷினில் உட்கார்ந்து முடித்தார்கள். மேஜையில் எல்லாரும் உட்கார்ந்தபோது அந்த வீட்டுக்காரர்களில் பெரியவள் மட்டும் மஞ்சளில் இருந்தாள். ஃபியூஸ் அதைப் பற்றி ஏதோ சொல்ல வந்து, அவள் மூச்சு சீராக ஏறி இறங்குவதைப் பார்த்து, சொல்லாமல் விட்டான்.

சின்னவளுக்கு வேலை அங்கே, பெண்ணுக்குப் பள்ளிக்கூடம் அங்கே. ஜனவரி இரண்டாம் தேதி பஸ் ஏறினார்கள். ஃபோன் நம்பர் இருந்தது, முகவரி இருந்தது, வாரத்துக்கு இரண்டு தடவை பேச்சும் இருந்தது. ஆனாலும் டிசம்பர் வந்ததும் முன்னறையில் ஒரு கொக்கிக்குப் பதில் இரண்டு கொக்கியில் உடுப்பு மாட்டினார்கள். விடிந்ததும் பெரியவள் டேப்போடு வந்து பார்த்தாள். பெண்ணுடைய கவுன் உயரத்தில் ஒன்றரை இஞ்ச் வளர்ந்திருந்தது. சின்னவளுடையதில் வலது தோள் கால் இஞ்ச் மேலே ஏறியிருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துத் தையலை எண்ணினாள். ஒன்பது. எத்தனை வருஷமானாலும் இந்த ஆளுக்கு அவசரம் போகாது என்று சொல்லிக்கொண்டே நோட்டில் இரண்டு வரி எழுதிவிட்டு, பாட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு சர்ச்சுக்குக் கிளம்பினாள்.